ஜிம்மி மர்ஃபியின் 1958

கால்பந்தில் மிகச் சிறந்த மேனேஜர்கள் யார் என்று பட்டியல் போடும்போதெல்லாம் கோப்பைகளை எண்ணித்தான் போடுகிறார்கள். ஃபெர்குசன், பெய்ஸ்லி, அன்செலோட்டி, கார்டியோலா. அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ஒரே ஒரு ஆண்டை எடுத்துக்கொண்டு, ஒரு மேனேஜர் செய்த மிகப் பெரிய வேலை எது என்று கேட்டால் நான் சொல்லும் பதிலில் கோப்பையே கிடையாது. 1958 பிப்ரவரி முதல் ஜூன் வரை ஜிம்மி மர்ஃபி செய்த வேலைதான் அது. அந்த நாலரை மாதத்தில் அவர் கையில் இரண்டு அணிகள் இருந்தன. ஒன்று, ஜெர்மனியின் மியூனிக்கில் நடந்த விமான விபத்தில் சிதைந்துபோன மான்செஸ்டர் யுனைடெட். இன்னொன்று, அவர் பிறந்த மண்ணின் அணியான வேல்ஸ். ஒன்றை இங்கிலாந்து கிளப்புகள் மோதும் எஃப்.ஏ. கோப்பையின் இறுதி வரைக்கும், மற்றொன்றை உலகக் கோப்பைக் காலிறுதி வரைக்கும் கொண்டு போனார். இரண்டு இடத்திலும் தோற்றார்.

2022-ல் கத்தாரில் வேல்ஸ் ஆடியபோது, 64 வருடம் கழித்து வந்திருக்கிறார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். 1958-ல் அவர்களை வீட்டுக்கு அனுப்பியது 17 வயதுப் பெலேயின் கோல் என்பதையும் சொன்னார்கள். அந்த அணியின் மேனேஜர் யார், அதற்கு முந்தைய நாலு மாதம் அவர் எங்கே இருந்தார் என்று சொன்னவர்கள் குறைவு. மியூனிக் விபத்தைப் பற்றிப் பேசுகிறவர்களும் யுனைடெட்டின் மேனேஜர் மேட் பஸ்பியைத்தான் பேசுவார்கள். பஸ்பி பெரிய மனிதர், சந்தேகமே இல்லை. ஆனால் இந்த இரண்டு கதைகளையும் தனித்தனியாகச் சொல்லும்போது நடுவில் ஒரு ஆள் காணாமல் போய்விடுகிறார். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

மர்ஃபி பிறந்தது 1910-ல், தெற்கு வேல்ஸின் ரோன்டா பள்ளத்தாக்கில், பென்ட்ரே என்ற ஊரில். நிலக்கரிச் சுரங்க நாடு. அப்பா அயர்லாந்துக்காரர், அம்மா வேல்ஸ். அந்தப் பள்ளத்தாக்கில் ஒரு பையனுக்கு முன்னால் இருந்த வழிகள் கொஞ்சம்தான். சுரங்கத்துக்குள் இறங்கலாம், இல்லையென்றால் பாட்டோ விளையாட்டோ அவனை வெளியே கொண்டுவர வேண்டும். மர்ஃபிக்கு இரண்டும் இருந்தது. சின்ன வயதிலேயே தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர். ஆனால் வெளியே கொண்டுவந்தது பந்துதான். 1928-ல், 17 வயதில், வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் அவரை எடுத்துக்கொண்டது.

ஆட்டக்காரராக அவர் விங் ஹாஃப். எதிரியின் காலிலிருந்து பந்தைப் பிடுங்கிச் சக ஆட்டக்காரரிடம் கொடுக்கிற வேலை. மோதலுக்கு அஞ்சாதவர். ஆல்பியனுக்காக 200 ஆட்டங்களுக்கு மேல் ஆடினார், வேல்ஸுக்காக 15. 1935-ல் எஃப்.ஏ. கோப்பை இறுதியில் ஷெஃபீல்ட் வென்ஸ்டேவிடம் 4-2 என்று தோற்ற அணியில் இருந்தார். அப்புறம் போர் வந்தது. அவருடைய தலைமுறையில் பலருக்கும் போல அவருக்கும் ஆட்ட வாழ்க்கை அதோடு முடிந்தது.

போர்தான் அவருக்கு அடுத்த வாழ்க்கையையும் கொடுத்தது. 1945-ல் இத்தாலியின் பாரி நகரில் சிப்பாய்களுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். ராணுவ அணியோடு அங்கே வந்திருந்த மேட் பஸ்பி, மர்ஃபி பேசுவதைத் தள்ளி நின்று கேட்டார். ஆட்டத்தைப் பற்றி ஒருவர் இவ்வளவு தீயோடு பேச முடியுமா என்று அசந்துபோனாராம். மான்செஸ்டர் யுனைடெட்டின் மேனேஜராகப் பொறுப்பேற்க ஒப்புக்கொண்டிருந்த பஸ்பி, அங்கேயே வேலைக்குக் கூப்பிட்டார். யுனைடெட்டுக்குப் பஸ்பி கொண்டுவந்த முதல் ஆள் எந்த ஆட்டக்காரரும் இல்லை, ஜிம்மி மர்ஃபிதான்.

அவர்கள் போய்ச் சேர்ந்த கிளப்புக்கு அப்போது மைதானமே இல்லை. 1941-ல் ஜெர்மானியக் குண்டுவீச்சில் ஓல்ட் டிராஃபோர்ட் நொறுங்கியிருந்தது. 1949 வரை எதிர் அணியான மான்செஸ்டர் சிட்டியின் மெய்ன் ரோட்டில்தான் சொந்த ஆட்டங்களை ஆடினார்கள். முதல் அணியைப் பஸ்பி பார்த்துக்கொள்ள, ரிசர்வ் என்ற இரண்டாம் நிலை அணியும் சின்னப் பையன்களும் மர்ஃபி பொறுப்பு. ஒரு கதை சொல்வார்கள். ரிசர்வ் அணி நன்றாக ஆடிப் பட்டம் வென்றபோது பஸ்பி வந்து பாராட்டியிருக்கிறார். அதற்கு மர்ஃபி, இதில் ஒருவன்கூட உங்கள் முதல் அணிக்குத் தேற மாட்டான் என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார். விலை கொடுத்து வாங்குவதை விட, பள்ளி விட்டு வரும் 15 வயதுப் பையன்களைப் பிடித்து நாமே வளர்க்கலாம் என்ற திட்டம் அப்படித்தான் சூடு பிடித்தது.

பலன் சீக்கிரமே தெரிந்தது. இங்கிலாந்தில் இளையோருக்கான எஃப்.ஏ. கோப்பை தொடங்கிய 1953 முதல் 1957 வரை ஐந்து வருடமும் அதை யுனைடெட்டே வென்றது. முதல் இறுதி இரண்டு ஆட்டமாக நடந்தது. வுல்வ்ஸுக்கு எதிராகக் கூட்டிப் பார்த்தால் 9-3. அந்தப் பையன்கள் வளர்ந்து 1956-லும் 1957-லும் லீக் பட்டத்தை வென்றார்கள். பத்திரிகைகள் அவர்களுக்கு வைத்த பெயர் 'பஸ்பியின் குழந்தைகள்'. குழந்தைகள் பஸ்பியுடையவை என்றாலும், மழையில் சேற்றில் நின்று அவர்களை வளர்த்தது மர்ஃபி.

அவர் வளர்த்த விதத்தைப் பற்றி பாபி சார்ல்டன் கடைசி வரை பேசிக்கொண்டிருந்தார். சார்ல்டன் 1953-ல், 15 வயதில் வந்தவர். காலில் பீரங்கி மாதிரி அடி, நாற்பது கஜம் தாண்டி அழகாகப் பறக்கும் பாஸ். பார்க்கிறவர்கள் கைதட்டுவார்கள், மர்ஃபி திட்டுவார். அந்தப் பாஸ் காற்றில் இருக்கும் நேரத்தில் எதிரி அணி திரும்பிவிடும், பக்கத்தில் இருக்கிறவனிடம் கொடுத்துவிட்டு ஓடு என்பார். மற்றவர்கள் குளித்துக் கிளம்பிய பிறகும் சார்ல்டனை மட்டும் நிறுத்திவைத்து, பின்னாலேயே நின்று, அதையே திரும்பத் திரும்பச் செய்ய வைப்பார். வாயைத் திறந்தால் வசவு. முடிந்ததும் தோளில் கை போட்டுக்கொண்டு கூட்டிப் போவார். ஒரு பையனிடம் கடுமையாக இருப்பது சுலபம், அன்பாக இருப்பதும் சுலபம். இரண்டும் ஒரே ஆளிடமிருந்து வரும்போது, கடுமையும் தன்மேல் உள்ள அக்கறைதான் என்று பையனுக்குப் புரிந்துவிடுகிறது. இன்றைய அகாடமிகளில் பயிற்சியாளர்கள் அதிகம், கருவிகள் அதிகம். ஒரே ஒரு பையனோடு ஒரே ஒரு பெரியவர் இருட்டும் வரை நிற்பது எத்தனை இடத்தில் நடக்கிறது என்று எனக்குச் சந்தேகம்தான்.

அந்தப் பையன்களில் டங்கன் எட்வர்ட்ஸ் மட்டும் வேறு. அவனுக்குச் சொல்லிக்கொடுக்க ஒன்றுமே இல்லை என்று மர்ஃபியே சொல்வார். 1956-லிருந்து மர்ஃபி வேல்ஸ் தேசிய அணிக்கும் மேனேஜர். இங்கிலாந்துடன் ஒரு ஆட்டத்துக்கு முன் டிரெஸ்ஸிங் ரூமில் எதிரணியின் ஒவ்வொருவரையும் எப்படிச் சமாளிப்பது என்று விளக்கினார். எட்வர்ட்ஸ் பெயர் மட்டும் வரவே இல்லை. ரெக் டேவிஸ் என்ற ஆட்டக்காரர் கையைத் தூக்கி, எட்வர்ட்ஸை என்ன செய்வது என்று கேட்டார். மர்ஃபி சொன்ன பதில், "அவன் வழிக்கே போகாதே தம்பி" என்பதுதான். தான் வளர்த்த பையனுக்கு எதிராகத் தன் நாட்டை இறக்குகிறவரின் பெருமையும் கவலையும் அந்த ஒரு பதிலில் இருக்கிறது.

வேல்ஸ் வேலை பகுதி நேரம்தான். தேசிய ஆட்டம் இருக்கும் நாட்களில் அங்கே போவார், மற்ற நாட்களில் மான்செஸ்டர். இந்த இரட்டை வேலைதான் அவர் உயிரைக் காப்பாற்றியது.

1958 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் வேல்ஸ் உண்மையில் வெளியேறிவிட்டது. செக்கோஸ்லோவாகியா அவர்கள் பிரிவில் முதலிடம் பிடித்தது. அதே சமயம் ஆசிய ஆப்பிரிக்கப் பகுதியில் இஸ்ரேலுடன் ஆட துருக்கி, இந்தோனேசியா, சூடான் என்று ஒவ்வொன்றாக மறுத்துவிட்டன. ஒரு ஆட்டம்கூட ஆடாமல் இஸ்ரேல் தகுதி பெறுவதை ஃபிஃபா ஏற்கவில்லை. தங்கள் பிரிவில் இரண்டாவதாக வந்த அணிகளிலிருந்து ஒன்றைக் குலுக்கிப் போட்டு எடுக்க, வாய்ப்பு வேல்ஸ் கைக்கு வந்தது. முதல் ஆட்டம் இஸ்ரேலில், 2-0 வெற்றி. இரண்டாவது ஆட்டம் பிப்ரவரி 5, புதன்கிழமை, கார்டிஃப் நகரின் நினியன் பார்க்கில்.

அதே புதன்கிழமைதான் யுனைடெட் பெல்கிரேடில் ரெட் ஸ்டார் அணியுடன் ஐரோப்பியக் கோப்பைக் காலிறுதியின் இரண்டாம் ஆட்டத்தை ஆடியது. மர்ஃபிக்கு அணியோடு போகத்தான் ஆசை. உன் இடம் வேல்ஸோடுதான் என்று அனுப்பிவைத்தவர் பஸ்பி. விமானத்தில் மர்ஃபி வழக்கமாக உட்காரும் இடம் பஸ்பியின் பக்கத்தில். இந்த முறை அங்கே உட்கார்ந்தவர் பெர்ட் வாலி, பையன்களை வளர்ப்பதில் மர்ஃபியோடு கூடவே நின்ற பயிற்சியாளர்.

கார்டிஃபில் வேல்ஸ் மறுபடியும் 2-0. உலகக் கோப்பைக்குத் தகுதி. பெல்கிரேடில் 3-3, யுனைடெட் அரையிறுதிக்குத் தகுதி. மறுநாள் மதியம் மர்ஃபி ரயிலில் மான்செஸ்டர் வந்து, டாக்ஸி பிடித்து ஓல்ட் டிராஃபோர்டுக்குப் போனார். பஸ்பியின் செயலாளர் அல்மா ஜார்ஜ் எதிரே வந்தார். மியூனிக்கில் விமானம் விழுந்துவிட்டது என்றார். மர்ஃபிக்கு ஏறவில்லை. அவர் திரும்பச் சொன்னார். அப்போதும் ஏறவில்லை. நிறையப் பேர் இறந்துவிட்டார்கள் என்று சொல்லி அவர் அழுததும்தான் விஷயம் உள்ளே போனது. மர்ஃபி தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். கொஞ்ச நேரத்தில் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. குடும்பங்கள், பத்திரிகைகள், போலீஸ். கிளப்பின் செயலாளர் வால்டர் கிரிக்மரும் அந்த விமானத்தில்தான் போயிருந்தார். பதில் சொல்ல மர்ஃபியை விட்டால் ஆள் இல்லை.

எரிபொருள் நிரப்ப மியூனிக்கில் இறங்கிய விமானம், ஓடுபாதையில் பனிச்சேறு கிடக்க, மூன்றாவது முறையாக மேலேற முயன்றபோது எழும்ப முடியாமல் வேலியைத் தாண்டிப் போய் மோதியது. மொத்தம் 23 பேர் இறந்தார்கள். அதில் எட்டுப் பேர் ஆட்டக்காரர்கள். பெர்ட் வாலி, கிரிக்மர், பயிற்சியாளர் டாம் கரி மூவரும் போய்விட்டார்கள். ஜானி பெர்ரியும் ஜாக்கி பிளான்ச்ஃப்ளவரும் பிழைத்தார்கள், ஆனால் அதற்குப் பிறகு ஆடவே இல்லை.

மறுநாளே மர்ஃபி மியூனிக்குக்குப் பறந்தார். பஸ்பி ஆக்சிஜன் கூடாரத்துக்குள் கிடந்தார். பாதிரியார் வந்து, சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கான ஜெபத்தைச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்த நிலையிலும் மர்ஃபியின் கையைப் பிடித்து, கொடியை இறங்க விடாதே ஜிம்மி என்று சொன்னார். இன்னொரு கட்டிலில் டங்கன் எட்வர்ட்ஸ். சனிக்கிழமை வுல்வ்ஸுடன் ஆட்டம் எத்தனை மணிக்கு என்று கேட்டான். 21 வயது. இரண்டு வாரம் போராடி, பிப்ரவரி 21 அன்று இறந்தான். மர்ஃபி பல ஆண்டுகளுக்குப் பிறகும் அவனைப் பற்றிப் பேசும்போது உடைந்துபோவார்.

காயமில்லாமல் தப்பியவர்களில் கோல்கீப்பர் ஹாரி கிரெக்கும் பில் ஃபௌக்ஸும் இருந்தார்கள். அவர்களை மர்ஃபி விமானத்தில் ஏற்றவில்லை. ரயிலிலும் கப்பலிலுமாகத் தானே கூட்டிக்கொண்டு வந்தார். ஊருக்கு வந்தால் ஒரு பக்கம் அடக்கம், இன்னொரு பக்கம் ஆட்டம். தள்ளிவைத்த எஃப்.ஏ. கோப்பை ஐந்தாம் சுற்று பிப்ரவரி 19 அன்று நடந்தாக வேண்டும். விபத்து நடந்து 13 நாள்.

அந்த 13 நாளில் அவர் எடுத்த முடிவுகள் ஒவ்வொன்றும் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. ஊரே அழுதுகொண்டிருந்த மான்செஸ்டரிலிருந்து பையன்களை வெளியே எடுத்தார். பிளாக்பூல் கடற்கரையில் ஒரு ஹோட்டலில் தங்கவைத்து அங்கேயே பயிற்சி. சவப்பெட்டிகள் வந்து இறங்கும் ஊரில் பத்தொன்பது வயதுப் பையன் பந்தை நினைக்க மாட்டான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அப்புறம், அனுபவம் தேவை என்று பிளாக்பூல் அணியிலிருந்து எர்னி டெய்லரை வாங்கினார். டெய்லர் குள்ளமானவர், வயது முப்பதைத் தாண்டியவர், ஆனால் கோப்பை ஆட்டங்களில் பழுத்தவர். பிஷப் ஆக்லாந்து என்ற அமெச்சூர் அணி, ரிசர்வில் ஆட மூன்று பேரை அனுப்பி உதவியது. ஆட்டத்தன்று மாலை, பந்து உதைக்க ஒரு மணி நேரம் இருக்கும்போது ஆஸ்டன் வில்லாவின் ஸ்டான் கிரௌதரிடம் கையெழுத்து வாங்கினார். அவர் அதே கோப்பையில் வில்லாவுக்காக ஏற்கெனவே ஆடியவர். விதிப்படி இன்னொரு அணிக்கு ஆட முடியாது. இந்த ஒரு முறை விதியைத் தளர்த்தினார்கள்.

அன்று விற்ற ஆட்டக் கையேட்டில் யுனைடெட் அணியின் பெயர்கள் இருக்க வேண்டிய இடத்தில் பதினொரு வெற்றுக் கோடுகள். அச்சுக்குப் போகும்போது யார் ஆடுவார்கள் என்று மர்ஃபிக்கே தெரியாது. ஏறத்தாழ 60,000 பேர் மைதானத்துக்குள். ரிசர்வில் தற்காப்பு ஆடிக்கொண்டிருந்த ஷே பிரென்னனை முன்வரிசையில் இடது ஓரத்துக்கு மாற்றி இறக்கினார். அவன் இரண்டு கோல் போட்டான். அலெக்ஸ் டாசன் மூன்றாவது. 3-0. எதிரணி ஷெஃபீல்ட் வென்ஸ்டே, 1935 இறுதியில் மர்ஃபி தோற்ற அதே அணி. ஆனால் அன்று இரவு அவர்கள் நிலைமை பரிதாபம். நாடே அவர்கள் தோற்க வேண்டும் என்று விரும்பியது.

அடுத்த சுற்றில் மர்ஃபியின் பழைய கிளப் வெஸ்ட் பிராம்விச். 2-2, மறு ஆட்டத்தில் கடைசி நிமிடங்களில் 1-0. அரையிறுதியில் ஃபுல்ஹாமுடன் 2-2, மறு ஆட்டத்தில் 5-3, டாசனுக்கு மூன்று கோல். மே 3, லண்டனின் வெம்ப்ளியில் இறுதி ஆட்டம். அணிக்கு முன்னால் நடந்து வந்தவர் மர்ஃபி. ஊன்றுகோலோடு பஸ்பி ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். போல்டன் அணியின் நாட் லாஃப்ட்ஹவுஸ் இரண்டு கோல் போட்டார். இரண்டாவது, பந்தைப் பிடித்த கிரெக்கை முதுகில் இடித்து வலைக்குள் தள்ளியது. இன்றைக்கு எந்த நடுவரும் அதைக் கோல் என்று சொல்ல மாட்டார். 2-0.

லீக்கில் விபத்துக்குப் பிறகு ஒரே ஒரு ஆட்டம்தான் ஜெயித்தார்கள். ஒன்பதாவது இடம். ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில் மிலான் அணியை ஓல்ட் டிராஃபோர்டில் 2-1 என்று வென்றார்கள். அதுவும் சார்ல்டன் இல்லாமல். அவரை இங்கிலாந்து அணி சுற்றுப்பயணத்துக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டது. அந்த நேரத்தில் அந்தப் பையனை அந்த அணியிலிருந்து எடுத்ததை என்னால் இன்றும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. மிலானில் 4-0 தோல்வி.

இந்த எண்களைக் காட்டி, பெரிதாக என்ன செய்துவிட்டார் என்று கேட்கலாம். கிளப்பையே மூடிவிடலாமா என்ற பேச்சு இருந்த நேரம் அது. லீக் புள்ளிகளை விட, ஒவ்வொரு சனிக்கிழமையும் பதினொரு பேர் களத்துக்குள் நடந்து வந்ததுதான் கணக்கு. அணியை உருவாக்கத் தெரிந்தவர்கள் பலர். தான் ஆசை ஆசையாக உருவாக்கிய அணியைப் புதைத்துவிட்டு, அடுத்த வாரம் இன்னொன்றை நிறுத்த எத்தனை பேரால் முடியும்? அவருக்கு அழ நேரமே கிடைக்கவில்லை.

மிலானில் தோற்றது மே 14. மூன்றே வாரத்தில் அவர் ஸ்வீடனில் இருந்தார், இந்த முறை வேல்ஸோடு. வேல்ஸின் மிகப் பெரிய ஆட்டக்காரர் ஜான் சார்ல்ஸ் அப்போது யுவென்டஸில். இத்தாலியர்கள் அவரை விடுவிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஹங்கேரியுடன் 1-1, மெக்சிகோவுடன் 1-1, ஸ்வீடனுடன் 0-0. புள்ளிகள் சமமானதால் ஹங்கேரியுடன் மறுபடியும் ஒரு ஆட்டம். ஹங்கேரியர்கள் சார்ல்ஸை உதைத்தே ஓய்த்தார்கள். ஆனால் ஐவர் ஆல்சர்ச் காற்றில் வந்த பந்தைத் தரையில் விழவிடாமல் அடித்து ஒரு கோல், டெரி மெட்வின் ஒரு கோல். 2-1.

இரண்டே நாள் இடைவெளியில், ஜூன் 19 அன்று கோதன்பர்கில் பிரேசில். சார்ல்ஸ் ஆட முடியாத நிலை. அவர் தம்பி மெல் சார்ல்ஸ் தற்காப்பின் நடுவில், கோல் காக்க ஜேக் கெல்சி. பாதி ஆட்டம் தாண்டியும் பிரேசிலால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கடைசியில் பெலே பந்தை ஒரு தட்டுத் தட்டித் திரும்பி உதைத்தார். தற்காப்பு ஆட்டக்காரர் காலில் லேசாகப் பட்டு, கெல்சியைத் தாண்டி உள்ளே போனது. பெலேயின் முதல் உலகக் கோப்பை கோல். அதே பிரேசில் ஆஸ்திரியாவுக்கு 3, அரையிறுதியில் பிரான்ஸுக்கு 5, இறுதியில் ஸ்வீடனுக்கு 5 கோல் போட்டது. மர்ஃபியின் வேல்ஸுக்கு எதிராக ஒன்று. சார்ல்ஸ் ஆடியிருந்தால் என்று வேல்ஸ்காரர்கள் இன்றும் பேசுவார்கள். பேச அவர்களுக்கு உரிமை உண்டு.

இதற்குப் பிறகு அவர் எங்கே வேண்டுமானாலும் போயிருக்கலாம். ஆர்சனல், யுவென்டஸ், பிரேசிலிலிருந்துகூட அழைப்பு வந்ததாகச் சொல்வார்கள். பஸ்பி குணமாகித் திரும்பியதும் மர்ஃபி பழையபடி இரண்டாவது இடத்துக்குப் போனார். அதைத் தியாகம் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. பத்திரிகையாளர்களுக்குப் பதில் சொல்வதும் கிளப் இயக்குநர்களோடு விருந்து சாப்பிடுவதும் அவருக்குப் பிடிக்காத வேலைகள். டிராக்சூட் போட்டுக்கொண்டு பையன்கள் நடுவில் நிற்பதுதான் பிடித்த வேலை. தனக்கு எது தெரியும், எதில் சந்தோஷம் என்று அவருக்குத் தெளிவு இருந்தது. முதல் நாற்காலி தேவைப்பட்டபோது உட்கார்ந்தார், தேவை முடிந்ததும் எழுந்துவிட்டார். வேல்ஸ் வேலையை 1964 வரை பார்த்தார்.

யுனைடெட் 1963-ல் எஃப்.ஏ. கோப்பையையும், 1965-லும் 1967-லும் லீக்கையும் வென்றது. 1968 மே 29 அன்று வெம்ப்ளியில் பென்ஃபிகாவை 4-1 என்று வென்று ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கியது. சார்ல்டன் இரண்டு கோல். ஃபௌக்ஸ் தற்காப்பில் நின்றார். இன்னொரு தற்காப்பு ஆட்டக்காரர், அந்த பிப்ரவரி இரவில் ஓரத்தில் இறங்கி இரண்டு கோல் போட்ட ஷே பிரென்னன். அன்று நாடு முழுக்கப் பஸ்பியைக் கொண்டாடியது. அது நியாயமானதே. ஆனால் களத்தில் நின்ற அந்த மூவரையும் மாலை மாலையாக நிறுத்திவைத்துத் தேய்த்தவர் மர்ஃபி.

1971-ல் துணை மேனேஜர் பொறுப்பிலிருந்து விலகி, பிறகு கிளப்புக்காக ஆட்டக்காரர்களைத் தேடிப் பார்க்கும் வேலையைச் செய்தார். ஸ்டீவ் காப்பெலை யுனைடெட்டுக்குப் பரிந்துரைத்தவர்களில் அவரும் ஒருவர். 1989 நவம்பரில், 79 வயதில் காலமானார். அவர் வீட்டு வாசலில் பென்ட்ரேயில் நீலப் பலகை வைத்திருக்கிறார்கள். ஓல்ட் டிராஃபோர்டில் அவருக்கு முழு உருவச் சிலை வைக்க 2023 வரை ஆயிற்று. எவ்வளவு தாமதம் என்று எனக்கு ஆற்றாமைதான். ஆனால் அவர் பெயரில் 1990 முதல் ஒவ்வொரு பருவமும் யுனைடெட்டின் சிறந்த இளம் ஆட்டக்காரருக்கு விருது கொடுக்கிறார்கள். தொடக்க ஆண்டுகளிலேயே அதை வாங்கியவர்களில் பால் ஸ்கோல்ஸ் ஒருவர், கார்டிஃபில் பிறந்த ரயன் கிக்ஸ் இன்னொருவர்.